நீரைக் குறைத்தால் களை பெருகுமா?

(மீஞ்சூர், சோழவரம் ஒன்றியங்களைச் சேர்ந்த பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் நெட்டுக்குப்பத்தில் கூடியபோது நிகழ்த்திய சொற்பொழிவு)

 

நெல் வயலைப் பற்றிப் பேசுவதற்கு நெட்டுக்குப்பத்தில் ஏன் கூடினோம் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். இங்கே வயலும் இல்லை, வரப்பும் இல்லை. படகும் வலையுமே இவ்வூராருக்கு ஏரும் கலப்பையும். ஊரும் இன்று சென்னை மாநகராட்சியின் எல்லைக்குள் அடங்கியிருக்கிறது. ஆயினும், இது கொசஸ்தலையாறு கடலைச் சேரும் எண்ணூர் முகத்துவாரத்தின் அருகே உள்ள ஊர். பூண்டி, தாமரைப்பாக்கம், வல்லூர் என்று வழி நெடுகத் தேங்கியும் பிரிந்தும் வரும் ஆறு இங்கேதான் முடிகிறது. அந்த ஆற்றின் நீரையும், அதன் படுகையில் உள்ள நிலத்தடி நீரையும் மேலே இருப்பவர்கள் எவ்வாறு செலவழித்தார்கள் என்பதன் வரவு செலவுக் கணக்கைக் கடைமடையாகிய இவ்விடத்தில் நின்று பார்ப்பது நலம் என்று கருதினேன்.

கடல் நமக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது?

முதலில் மீஞ்சூரின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1966 முதல் 1969 வரை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் இந்தப் படுகையில் ஓர் ஆய்வு நடைபெற்றது. தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, மீஞ்சூர் ஆகிய இடங்களில் பூமிக்கடியில் நல்ல நீர்வளம் இருப்பதை அந்த ஆய்வு காட்டிற்று. அங்கே கிணறுகள் அமைத்து, நகரத்திற்கும் தொழிற்சாலைகளுக்கும் நீர் எடுத்தார்கள். உழவர்களும் தங்கள் கிணறுகளிலிருந்து எடுத்தார்கள். எடுத்த அளவுக்கு மழையும் ஆறும் திருப்பித் தர இயலவில்லை. நிலத்தடி நன்னீரின் மட்டம் தாழ்ந்தது. கடல் நீர் உள்ளே நகர்ந்தது. 1960களின் முடிவில் கரையோரத்துச் சில கிலோமீட்டர்களோடு நின்றிருந்த உவர்ப்பு, பின்வந்த ஆண்டுகளில் பத்துக் கிலோமீட்டருக்கும் அப்பால் சென்றது. நகரைச் சுற்றி நிலத்தடி நீரை எடுப்பதை ஒழுங்குபடுத்த 1987ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. 2010ஆம் ஆண்டில், மீஞ்சூரின் பெயரைத் தாங்கி, கடல் நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் ஆலை காட்டுப்பள்ளியில் இயங்கத் தொடங்கியது. ஒரு காலத்தில் நல்ல நீருக்குப் பெயர் பெற்றிருந்த ஊரின் பெயர், கடல் நீரைக் காய்ச்சாமல் வடிகட்டும் ஆலைக்கு வந்து சேர்ந்ததை எண்ணிப் பாருங்கள்.

கடலோரத்தில் நன்னீருக்கும் கடல் நீருக்கும் இடையே ஒரு தராசு உண்டு. பொதுவான கணக்கு இது: கடல் மட்டத்திற்கு மேல் நிலத்தடி நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழம் வரை கடல் நீரை அது அழுத்தி நிறுத்தும். மேலே ஓர் அடி இறங்கினால், கீழே 40 அடி விட்டுக்கொடுக்க நேரும். ஆகவே, நம் கிணற்றில் ஓர் அடி நீர் என்பது சிறிய விஷயம் அன்று.

இனி நம் வயலுக்கு வருவோம். ஒரு ஏக்கரில் 5 சென்டிமீட்டர், அதாவது இரண்டு அங்குல உயரத்திற்கு நீர் கட்டினால், அது சுமார் 2 லட்சம் லிட்டர் ஆகும். நாற்றங்கால் முதல் அறுவடை வரை நெல்லுக்கு ஏறக்குறைய 1,200 மில்லிமீட்டர் நீர் வேண்டியிருக்கிறது. ஏக்கருக்கு இது 48 லட்சம் லிட்டருக்குக் குறையாது. இந்தக் கணக்கைக் கேட்ட எவரும் நீரைக் குறைக்க வேண்டும் என்பதை மறுக்கமாட்டார்கள். ஆனால் உழவர் உடனே ஒரு கேள்வி கேட்பார்: “ஐயா, தண்ணீரைக் குறைத்தால் களை ஏறிவிடுமே, அதற்கு என்ன செய்வது?” இந்தக் கேள்வி நியாயமானது. இதற்கு விடை சொல்லாமல் நீரைக் குறையுங்கள் என்று மட்டும் உபதேசம் செய்வதில் பயனில்லை. அந்த விடையைத் தேடுவதே இன்றைய என் பேச்சின் நோக்கம்.

ஒரு வயலின் அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன், இம்மாவட்டத்தில் ஓர் உழவரின் வயலைப் பார்க்கச் சென்றிருந்தேன். பெயர் வேண்டாம். அவர் உழைப்பாளி, புதியதைச் செய்து பார்க்கும் துணிவும் உள்ளவர். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால் போதும் என்று ஒரு கூட்டத்தில் கேட்டு வந்தவர், நட்ட நான்காம் நாளிலிருந்தே வயலைக் காயவிட்டார். வயல் சமமாக இல்லை. மேட்டுப் பகுதி முதலில் காய்ந்தது. களையெடுக்க ஆள் கிடைக்கவில்லை. நான் சென்றபோது நட்டு 25 நாட்கள் ஆகியிருந்தன. வயல் பச்சைப் பசேல் என்றிருந்தது. அருகில் சென்று பார்த்தபோதுதான் அதில் பாதிப் பச்சை குதிரைவாலிப் புல் என்பது தெரிந்தது.

அவர் பிறகு அதிகக் கூலி கொடுத்துக் களையெடுத்தார். ஆனால் நெல்லுக்கு உரிய உரத்தையும் வெளிச்சத்தையும் புல் முன்னரே தின்றுவிட்டது. மகசூல் குறைந்தது. “காய்ச்சலும் பாய்ச்சலும் என் நிலத்துக்கு ஒத்துவராது” என்று அவர் முடிவு செய்துவிட்டார். உண்மையில் ஒத்துவராமற்போனது முறை அன்று. அதைச் செய்த வரிசை. நீரை நிறுத்தும் முன் களைக்கு வழி செய்திருக்க வேண்டும். அவர் நீரை முதலில் நிறுத்திக் களையைப் பிறகு நினைத்தார்.

நீரும் ஒரு களைக்கொல்லியே

வயலில் நீர் கட்டுவது நெல்லின் தாகத்திற்காக மட்டும் என்று நாம் நினைக்கிறோம். அது பாதி உண்மைதான். களையின் விதைகள் பெரும்பாலும் மண்ணின் மேற்பரப்பில், ஓரிரண்டு அங்குலத்திற்குள் கிடக்கின்றன. அவை முளைப்பதற்கு ஈரம் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். பலவற்றிற்கு வெளிச்சமும் வேண்டும். வயலில் இரண்டு அங்குல நீர் நின்றால், மண்ணுக்குள் காற்றுப் புகாது. ஆகையால் புல் வகைகளும் கோரை வகைகளும் பெரும்பாலும் முளைக்க மாட்டா. நாற்றங்காலில் வளர்ந்து வந்த நெல் நாற்றோ, தலையை நீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். தன் இலை தண்டுகளின் வழியே வேருக்குக் காற்றைக் கொண்டு செல்லும் அமைப்பு நெல்லுக்கு இயற்கையிலேயே உண்டு. இந்த ஏற்றத்தாழ்வைக் கொண்டுதான் நம் முன்னோர் சேற்று உழவையும் நாற்று நடவையும் நீர் கட்டுவதையும் ஒன்றாக இணைத்தார்கள்.

ஆகவே, தேங்கிய நீர் கூலி வாங்காமல் களையெடுக்கும் ஆள் என்று சொல்லலாம். அந்த ஆளை வேலையிலிருந்து நிறுத்தினால், அவன் செய்த வேலையை யார் செய்வது என்பதை முன்னரே தீர்மானித்தாக வேண்டும்.

நீரைக் குறைத்த வயலில் இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன. முதலாவது, களை ஒரே தவணையில் முளைக்காமல், ஒவ்வொரு காய்ச்சலுக்குப் பின்னும் தவணை தவணையாக முளைக்கிறது. இரண்டாவது, களையின் இனமே மாறுகிறது. எப்போதும் நீர் நிற்கும் வயலில் ஆரைக்கீரை போன்ற நீர்க்களைகள் மிகும். காய்ந்து நனையும் வயலில் குதிரைவாலிப் புல், கோரை, கரிசலாங்கண்ணி ஆகியவை தலையெடுக்கும். முழுவதும் புழுதியாக விதைத்த நிலத்தில் அறுகும் கிழங்குக் கோரையும் கூடச் சேர்ந்துகொள்ளும். நேற்று வரை பழகிய களையை மட்டும் எதிர்பார்த்திருப்பவர் இதில் ஏமாந்துபோவார்.

குதிரைவாலிப் புல்லை இளம் பருவத்தில் நெல்லிலிருந்து பிரித்தறிவது கடினம். ஓர் அடையாளம் சொல்கிறேன். இலையும் தண்டும் சேரும் இடத்தைப் பிரித்துப் பாருங்கள். நெல்லில் அவ்விடத்தில் மெல்லிய வெண்ணிற ஏடும், இருபுறமும் சிறு மயிர்கொண்ட செவிகளும் இருக்கும். குதிரைவாலிப் புல்லில் அவை இரண்டும் இரா. களையெடுக்கும் பெண்கள் இதைப் பல தலைமுறையாக அறிவார்கள். இளைஞர்களும் அறிந்துகொள்ள வேண்டும்.

காய்ச்சலும் பாய்ச்சலும்: எப்போது தொடங்குவது?

இனி முறைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வழக்கமான நடவு செய்த வயலில் நீரை மட்டும் குறைப்பது முதல் முறை. பிலிப்பைன்ஸ் நாட்டில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இதற்கு ஓர் எளிய கருவியைப் பரப்பியது. சுமார் ஓர் அடி நீளமுள்ள குழாய்த் துண்டு ஒன்றின் கீழ்ப் பாதியில் துளைகள் இட்டு, அப்பகுதியை வயலில் புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். குழாய்க்குள் தெரியும் நீர்தான் மண்ணுக்குள் இருக்கும் நீரின் மட்டம். அது தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர், அதாவது அரை அடி இறங்கும் வரை பாய்ச்ச வேண்டியதில்லை. அவ்வளவு இறங்கியபின் இரண்டு அங்குலம் நீர் கட்டினால் போதும். மேலே தரை காய்ந்ததுபோல் தோன்றினும், வேருக்கு நீர் எட்டும். பூக்கும் தருணத்தில் மட்டும், அதற்கு ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும், நீர் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த அரை அடி என்ற எல்லை முக்கியமானது. பல நாடுகளில் நடந்த 56 ஆய்வுகளைத் திரட்டி 2017ஆம் ஆண்டில் ஒரு மதிப்பீடு வெளியாயிற்று. எல்லைக்குள் மிதமாகக் காயவிட்ட வயல்களில் மகசூல் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. நீர்ச் செலவோ ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்தது. எல்லை மீறிக் கடுமையாகக் காயவிட்ட வயல்களில் மகசூல் சுமார் 22 விழுக்காடு வீழ்ந்தது. மிதத்திற்கும் மிகைக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

களையைப் பொறுத்தவரை ஒரே விதியை நினைவில் வைத்தால் போதும். நட்டவுடன் காயவிடாதீர்கள். முதல் இரண்டு வாரங்களுக்கு ஆழமில்லாத நீர் வயலில் நிற்கட்டும். களை மிகுதியாக வரும் வயலாயின், இன்னும் ஒரு வாரம் கூட நிற்கட்டும். அதற்குள் நாற்று வேரூன்றித் தூர் கட்டத் தொடங்கும். களையின் முதல் தவணையும் நீருக்கடியில் அடங்கும். முதற் களையெடுப்பை முடித்தபின் காய்ச்சலைத் தொடங்குங்கள். நடவு செய்த வயலில் முதல் 30 முதல் 45 நாட்கள் வரை களை இல்லாதிருந்தால், அதன்பின் நெல்லே தன் நிழலால் களையை அடக்கிவிடும். நீரைச் சேமிக்க எஞ்சிய நாட்கள் போதிய அளவு இருக்கின்றன.

செம்மை நெல் சாகுபடி

இரண்டாவது முறை, நடவையே மாற்றுவது. இது நமக்கு முற்றிலும் புதியது அன்று. 1910களிலேயே சென்னை மாகாணத்தில் ஒற்றை நாற்று நடும்படி விவசாயிகளுக்கு எடுத்துச் சொன்னார்கள். 1950களில் ஜப்பானிய முறைச் சாகுபடி வந்தபோது, வரிசை நடவும் உருளும் களைக்கருவியும் நம் ஊர்களுக்கு வந்தன. 1961ஆம் ஆண்டில் மடகாஸ்கர் தீவுக்குச் சென்ற ஹென்றி டி லவுலானி என்ற பிரெஞ்சுப் பாதிரியார், அங்குள்ள ஏழை உழவர்களோடு பல ஆண்டுகள் பழகி, 1983ஆம் ஆண்டு வாக்கில் இந்தக் கூறுகளை ஒரே முறையாகத் தொகுத்தார். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டு முதல் அதை நம் மண்ணில் ஆராய்ந்தது. அதுவே செம்மை நெல் சாகுபடி என்று இன்று வழங்குகிறது.

அதன் சாரம் இது: ஏக்கருக்கு 2 முதல் 3 கிலோ விதை, 14 நாள் இளநாற்று, குத்துக்கு ஒரே நாற்று, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுர நடவு, மண் ஈரமாக இருக்கும்படி மட்டும் நீர், நட்ட பத்தாம் நாள் முதல் பத்து நாட்களுக்கு ஒருமுறை களைக்கருவியைக் குறுக்கும் நெடுக்கும் உருட்டுதல்.

களையின் கண்ணோடு இதைப் பார்த்தால் ஓர் ஆபத்து புலப்படும். 20 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால், ஒரு சதுர மீட்டரில் 50 குத்துகள் நிற்கும். செம்மை முறையில் 16 குத்துகளே நிற்கும். சிறு நாற்று, பரந்த இடைவெளி, தேங்காத நீர் ஆகிய மூன்றும் களைக்குத் திறந்துவைத்த வாயில்கள். இதைத் தெரிந்துதான் முறையை வகுத்தவர்கள் களைக்கருவியை அதன் நடுநாயகமாக வைத்தார்கள். சதுர நடவு அழகுக்காக அன்று. இரு திசையிலும் கருவி செல்வதற்காக. உருளும்போது கருவி இளங்களையை மண்ணுக்குள் அமுக்கி உரமாக்குகிறது. இறுகிய சேற்றைக் கிளறி வேருக்குக் காற்றும் தருகிறது. தூர்கள் பெருகி நிலத்தை மூடியபின் களைக்கு இடமில்லை.

பலன் என்ன? 2003-04ஆம் ஆண்டில் தாமிரபரணிப் பாசனப் பகுதியில் 100 உழவர்களின் வயல்களில் இரு முறைகளையும் அருகருகே செய்து பார்த்தார்கள். வழக்கமான முறையில் ஹெக்டேருக்குச் சராசரி 5,657 கிலோ நெல்லும், செம்மை முறையில் 7,227 கிலோ நெல்லும் கிடைத்தன. ஏறக்குறைய 28 விழுக்காடு அதிகம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த உயர்வு நீரைக் குறைத்ததனால் மட்டும் வந்ததன்று. இளநாற்று, இடைவெளி, களைக்கருவி, அளவான நீர் ஆகிய அனைத்தும் சேர்ந்து தந்த பலன் அது. இடைவெளியை எடுத்துக்கொண்டு களைக்கருவியை விட்டுவிட்டவர், பாதி முறையைச் செய்து முழுப் பலனை எதிர்பார்க்கிறார். இரண்டாம் முறை உருட்ட வேண்டிய நாளில் கருவி கிடைக்காத வயல், நம் முதற் கதையில் வந்த வயலாக மாறிவிடும்.

புழுதி விதைப்பு

மூன்றாவது, நாற்றே விடாமல் புழுதியில் விதைப்பது. நம் திருவள்ளூர் மாவட்டத்திற்கு இது பழகிய முறை. ஆடி, ஆவணி மழையில் உழுது விதைத்து, ஐப்பசி மழையில் ஏரி நிறைந்தபின் அதே பயிரை நன்செய்ப் பயிராக மாற்றுகிறோம். சேற்று உழவுக்கும் நாற்றங்காலுக்கும் ஆகும் நீர் மிச்சம். நடவுக் கூலியும் மிச்சம். இம்மாவட்டத்துத் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம் நம் பகுதிக்கு ஏற்ற நெல் இரகங்களைத் தொடர்ந்து அளித்து வருகிறது. அங்கே பிறந்த டி.கே.எம். 6 என்ற நெல், புகழ்பெற்ற ஐ.ஆர். 20 இரகத்திற்குத் தாய் தந்தையருள் ஒன்று என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி.

ஆனால் களைப் போரில் மிகக் கடினமான களம் புழுதி விதைப்பே. நடவு வயலில் நெல் நாற்றுக்குக் களையைவிட மூன்று நான்கு வார வயது அதிகம். புழுதி வயலிலோ நெல்லும் களையும் ஒரே மழையில், ஒரே நாளில் முளைக்கின்றன. அடக்குவதற்குத் தேங்கிய நீரும் இல்லை. கவனியாமல் விட்டால் மகசூலில் பாதிக்கு மேல் களைக்கே போய்விடும். ஆகவே இங்கே விதைப்புக்கு முன்பே வேலையைத் தொடங்க வேண்டும்.

கோடை உழவு செய்து கோரைக் கிழங்கை வெயிலில் காயவிடுங்கள். முதல் மழையில் உடனே விதைக்காமல், களை முளைக்க விட்டு, மேலோட்டமாக ஓர் உழவு போட்டு அழித்துப் பிறகு விதையுங்கள். கையால் தூவாமல் விதைப்புக் கருவியால் வரிசையாக விதையுங்கள். வரிசை இருந்தால்தான் களைக்கருவி செல்லும். வரிசைகளுக்கு இடையே தக்கைப்பூண்டை விதைத்து, ஒரு மாதம் கழித்து மண்ணில் மடித்துவிட்டால், அது முதலில் நிழலாகிக் களையை அடக்கும். பின்னர் உரமாகி நெல்லை வளர்க்கும். களைக்கொல்லி தெளிப்பவர்கள், விதைத்த சில நாட்களுக்குள், மண்ணில் ஈரம் இருக்கும்போது, வேளாண்மை அலுவலர் சொல்லும் மருந்தைச் சொல்லும் அளவில் தெளிக்க வேண்டும். நடவு வயலுக்கு உரிய மருந்தைப் புழுதி வயலுக்குப் பயன்படுத்துவது பணத்தையும் பயிரையும் இழக்கும் வழி. மருந்துக்குப் பின்னும் ஒரு கைக்களை தேவைப்படும் என்பதை மறக்க வேண்டாம்.

உவர் நிலத்தாருக்கு ஓர் எச்சரிக்கை

கடலோரத்து உழவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மண்ணிலோ கிணற்று நீரிலோ உவர்ப்பு ஏறிய வயலில் காய்ச்சல் முறையைக் கண்ணை மூடிக்கொண்டு கையாளக்கூடாது. நல்ல நீர் நிற்கும்போது உப்பு கரைந்து கீழே இறங்குகிறது. வயல் காயும்போது ஈரத்தோடு உப்பும் மேலேறி, இளவேரைச் சூழ்ந்து நிற்கிறது. களை அழிக்காததை உப்பு அழித்துவிடும். ஆதலால் முதலில் மண்ணையும் நீரையும் பரிசோதனைக்கு அனுப்புங்கள். உவர்ப்பு இருந்தால் வயலை வெடிக்கும் அளவுக்குக் காயவிடாதீர்கள். அத்தகைய நிலங்களில் நீரைச் சேமிக்கச் சிறந்த வழி, கோடைப் போகத்தில் நெல்லை விட்டு, உவர்ப்பின் அளவு இடம் கொடுக்குமாயின் வேறு பயிருக்கு மாறுவதே. சம்பா அறுவடைக்குப்பின் ஈரத்தைக்கொண்டே பயறு வகை விளைவிப்பது நம் நாட்டில் வெகு காலமாக உள்ள பழக்கம். பயிரை மாற்றினால் நெல்லோடு பழகிய களைகளின் தொடர்ச்சியும் அறுபடும்.

களையெடுப்பவர் யார்?

நீர்ச் சிக்கனம் என்று சொல்லும்போது, அந்தச் சிக்கனத்தின் சுமை யார்மேல் ஏறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மின்சாரத்திற்குக் கட்டணம் இல்லாத கிணற்றில் நீரைக் குறைப்பதால் உழவரின் கைக்கு உடனடியாக ஒரு காசும் வருவதில்லை. களைக்கூலியோ உடனே கூடுகிறது. ஊருக்கெல்லாம் நன்மை, ஒருவருக்கு மட்டும் செலவு என்றால், எந்த முறையும் நிலைக்காது.

குனிந்து களையெடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். களைக்கருவி வந்தால் அந்த வேலை ஆண்களின் கைக்கு மாறி, பெண்களின் கூலி நாட்கள் குறைவதும் உண்டு. கனமான கருவியைச் சேற்றில் தள்ளுவது எளிதும் அன்று. ஆதலால், எடை குறைந்த கருவிகளை வாங்குவதும், அவற்றை இயக்கப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து உரிய கூலி தருவதும் பஞ்சாயத்தின் கவனத்தில் இருக்க வேண்டும்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

பஞ்சாயத்து உறுப்பினர்களே! ஒரு தனி உழவரால் முடியாத நான்கு காரியங்களை நீங்கள் கூடிச் செய்ய முடியும்.

முதலாவது, களைக்கருவி. ஓர் உழவருக்கு ஒரு பருவத்தில் அது சில நாட்களே தேவை. ஊருக்குப் பொதுவாகச் சில கருவிகளை வைத்து, நடவு நாளைக் குறித்துக்கொண்டு முறை வைத்துக் கொடுத்தால், பத்தாம் நாள் பத்தாம் நாளாகவே இருக்கும்.

இரண்டாவது, நிலத்தைச் சமன் செய்தல். மேடும் பள்ளமும் உள்ள வயலில் மேட்டில் களை முளைக்கும். பள்ளத்தில் நாற்று அழுகும். சமன் செய்யும் இயந்திரத்தை ஊராகச் சேர்ந்து வாடகைக்கு எடுத்தால் செலவு குறையும். நீரைச் சேமிப்பதிலும் களையை அடக்குவதிலும் இதற்கு ஈடான வேலை வேறில்லை.

மூன்றாவது, ஏரியும் வாய்க்காலும். வாய்க்கால் கரையில் பூத்து விதைக்கும் புல், பாயும் நீரோடு எல்லா வயலுக்கும் போய்ச் சேருகிறது. பூக்கும் முன் அதை அறுத்தால் ஊரின் களையில் ஒரு பகுதி அங்கேயே அடங்கும். தூர்வாரிய ஏரி, நிலத்தடி நீருக்கும் ஊட்டம் தரும்.

நான்காவது, கிணற்றின் கணக்கு. ஊரில் சில கிணறுகளைக் குறித்துக்கொண்டு, மாதம் ஒருமுறை நீர் மட்டத்தை அளந்து, உவர்ப்பையும் சோதித்து, பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் எழுதி வையுங்கள். மணற்பாங்கான நிலத்தில் வயலில் கட்டிய நீரின் ஒரு பகுதி மீண்டும் கீழே இறங்கிக் கிணற்றுக்கே வரும். ஆகவே, உண்மையில் எவ்வளவு மிச்சமாயிற்று என்பதைப் பம்பு ஓடிய மணிக்கணக்கைவிடக் கிணற்றின் மட்டமே சரியாகச் சொல்லும். கண்ணால் காணும் கணக்கு, நூறு சொற்பொழிவுகளைவிட மேலானது.

அன்பர்களே! நீரைக் குறைத்தால் களை பெருகுமா என்று தொடங்கினேன். பெருகும், நாம் கைகட்டி நின்றால் பெருகும். நீர் செய்துவந்த வேலையைச் சமநிலமும், வரிசை நடவும், காலத்தில் உருளும் கருவியும், விழிப்பான கண்ணும் ஏற்றுக்கொண்டால், களையும் அடங்கும், நெல்லும் குறையாது, கிணறும் பிழைக்கும். எல்லாவற்றையும் முழு நிலத்தில் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். வரும் பருவத்தில் கால் ஏக்கரில் செய்து பாருங்கள். அருகில் பழைய முறையும் இருக்கட்டும். அறுவடையன்று இரண்டையும் தனித்தனியே அளந்து பாருங்கள். களைக்கூலியையும் தனியே எழுதி வையுங்கள். உங்கள் வயல் சொல்லும் விடையை நம்புங்கள்.

கூட்டம் முடிந்ததும், இவ்வூர் நண்பர்களோடு முகத்துவாரத்திற்கு நடந்து சென்று பாருங்கள். ஆற்றில் நன்னீர் இறங்கி வரும் காலத்தில் கழிமுகத்தில் இறாலும் மீனும் எப்படி இருந்தன என்று அவர்களைக் கேளுங்கள். ஊர் திரும்பியதும் உங்கள் கிணற்றில் ஒரு கை நீர் அள்ளி நாவில் வைத்துப் பாருங்கள். அது இன்னும் இனிக்கிறதென்றால், அதைக் காப்பாற்றும் காலம் இன்னும் கடந்துவிடவில்லை என்று பொருள்.